மதிலுக்கு உள்ளே

தேவமணியிடம் போய் ஒரு பொய் சொல்லச் சொல்வதும் உப்பளத்தில் நாற்று நடச் சொல்வதும் ஒன்றுதான் என்று கோயில் தெருவில் பேசிக்கொள்வார்கள். பாராட்டிச் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். நான்கு வருஷத்துக்கு முன்னால் சபைக் கமிட்டியில் இருந்த ஒரு பெரிய மனிதரின் மகளுக்குக் கல்யாணமான ஏழாம் மாதம் பிள்ளை பிறந்தது. குறைமாசம், குறைமாசம் என்று வீட்டார் வாய் ஓயாமல் சொல்லித் திரிந்தார்கள். பேறு பார்த்த தேவமணியை ஐயர் கூப்பிட்டுக் கேட்டார். "நெறமாசப் பிள்ளதான் ஐயா. நகமெல்லாம் நல்லா வளந்திருந்திச்சு" என்று சொல்லிவிட்டு, தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பேறுகாலத்துக்குப் போய்விட்டாள். புருஷனையும் பெண்டாட்டியையும் ஆறு மாதம், கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் புறம்பாக்கி வைத்தார்கள். அந்த வீட்டம்மாள் அதன்பிறகு தேவமணியின் முகத்தில் விழித்ததில்லை.

ஐயர் என்றால் வேறு யாரோ என்று நினைக்க வேண்டாம். தூத்துக்குடிப் பக்கத்து வேதக்கோயில்களில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஐயரும் லேசுப்பட்டவர் அல்ல. ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோன தன் சொந்தத் தம்பி பிள்ளையையே கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே வைத்தவர். பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கும் உப்பு வாருகிறவன் வீட்டுப் பிள்ளைக்கும் அவரிடம் ஒரே சட்டம். அதனால்தான் சபையார் அவரை மதித்தார்கள், அதனால்தான் பயந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி இடுப்புயரத்துக்கு ஒரு மதில் உண்டு. ஞானஸ்நானம் பெற்றவர்களை மதிலுக்கு உள்ளே வைப்பார்கள். சிலுவை உண்டு, பேர் உண்டு, மணி அடிக்கும், ஐயர் வெள்ளை அங்கி போட்டு ஜெபம் சொல்வார். பெறாதவர்களுக்கு மதிலுக்கு வெளியே உடைமரத்தடி. அங்கே பேரும் கிடையாது, ஜெபமும் கிடையாது. தகப்பன் குழி தோண்டி, தகப்பனே மூடிவிட்டு வருவான். தேவமணியின் தம்பி வெள்ளத்துரை அப்படி இரண்டு தடவை மூடிவிட்டு வந்திருக்கிறான். அவன் பெண்டாட்டி ஜெபகனிக்கு முதல் இரண்டும் செத்தே பிறந்தவை.

மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஜெபகனி நாத்தனாரிடம் கேட்டது ஒன்றுதான்.

"மைனி, இதுவும் தங்காதுன்னா தங்காண்டாம். நான் கடவுள்கிட்ட சண்டைக்குப் போகல. ஆனா ஒரு மூச்சு விட்டுச்சின்னாலும் நீங்க ஞானஸ்நானம் குடுத்திரணும். ஒரு பேர வச்சு மதிலுக்கு உள்ள வச்சிரணும். உடைமரத்தடியில இன்னொண்ணக் கொண்டுபோயி வைக்க என்னால ஏலாது."

"ஏளா, நல்லதையே நெனைக்க மாட்டியா?"

"நல்லத நெனச்சுத்தான் ரெண்டு வாட்டி தொட்டில் கட்டுனேன்."

ஐயர் வந்து சேர நேரமில்லாமல் பிள்ளை சாகக் கிடந்தால், சபையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீர் வேண்டும், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமம் வேண்டும், அவ்வளவுதான். மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் மருத்துவச்சி வேலை பழகியபோதே அதைத் தேவமணிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இருபது வருஷத்தில் பதினோரு பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாள். ஏழு பிழைத்து ஓடியாடித் திரிகின்றன.

1943-ஆம் வருஷத்துச் சித்திரை அது. பர்மா அரிசி நின்றுபோய், ரேஷன் கடையில் சோளத்தையும் கம்பையும் அளந்தார்கள். அப்படியும் கோயில் தெருப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துக் கோயில் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைந்தார்கள். துறைமுகத்தில் கப்பலைக் காணோம். உப்பளத்தில் மட்டும் வேலைக்குக் குறைவில்லை. கோடைக்காற்று மேற்கேயிருந்து அடிக்க அடிக்கப் பாத்திகளில் உப்பு விளைந்துகொண்டே இருந்தது. வெள்ளத்துரை விடியுமுன் வாருபலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், கால் வெடிப்பில் உப்பு ஏறி, கண் சிவந்து, வெயில் உச்சிக்கு வரும்போதுதான் கரையேறுவான். அளத்து ஓரத்தில்தான் அவன் குடிசை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் கிடையாது. ஊருக்குள்ளிருந்து பீப்பாய் வண்டியில் நல்ல தண்ணீர் வரும். பட்டாளத்துக்காரர்கள் வந்து இறங்கியபிறகு அந்த வண்டியும் நினைத்த நாளில்தான் வந்தது.

ஜெபகனிக்கு ஒரு மாதம் முந்தியே வலி கண்டது. தேவமணி போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி இருக்கும். புழுதிக்காற்றுக்குப் பயந்து ஓலைத்தட்டியைச் சாத்தியிருந்ததால் உள்ளே பகலிலும் இருட்டு. வந்ததும் மூலையிலிருந்த பானைத் தண்ணீரை மொண்டு வெந்நீர் போட்டாள். கார்பாலிக் சோப்பால் முழங்கைவரை கழுவிக்கொண்டாள். பிறகு ஜெபகனியின் காலடியில் உட்கார்ந்தவள் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. நடுவில் வெள்ளத்துரை வந்து பானையை எட்டிப் பார்த்ததும், அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் தண்ணீர் பிடிக்க ஓடியதும் அவளுக்குத் தெரியாது. அவள் கவனமெல்லாம் கைக்குள் வருகிற தலையில் இருந்தது.

பெண்பிள்ளை. ஒரு முழம் நீளம்கூட இல்லை. நீலம் பாரித்திருந்தது. தேவமணி அதைத் தலைகீழாகப் பிடித்து, முதுகில் தட்டி, வாயில் விரல் விட்டுச் சளியை எடுத்து, தன் வாயால் ஊதினாள். பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"மைனி! அழுதுச்சு!" ஜெபகனி முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"அழுதுச்சுளா. படு."

"தங்குமா?"

தேவமணி அப்போதும் பொய் சொல்லவில்லை. "தங்காதுளா" என்றாள்.

"அப்பொ சீக்கிரம் குடுங்க மைனி. ஜெயபாய்னு வைங்க."

பிள்ளையை இடது கையில் ஏந்தியபடி தேவமணி மூலைக்குத் தவழ்ந்து போனாள். கைக்குத் தட்டுப்பட்ட பானையின் சிரட்டை மூடியைத் தள்ளிவிட்டு மூன்று தடவை அள்ளி அள்ளி அதன் நெற்றியில் ஊற்றினாள். "ஜெயபாய், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." தாய் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு முழங்கால்படியிட்டு, ஒப்புக்கொடுக்கும் ஜெபத்தைச் சொன்னாள். ஜெயபாய் முக்கால் மணி நேரம் இருந்தாள். தாயின் நெஞ்சிலேயே கிடந்து, மூச்சு அங்கேயே அடங்கியது.

வெள்ளத்துரை தலையில் தண்ணீர்ப் பானையோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே பார்த்தான். பானையை இறக்கி வைக்கத் தோன்றாமல் நின்றுகொண்டே இருந்தான்.

"குடுத்துட்டேன்லே" என்றாள் தேவமணி. "பேரு ஜெயபாய்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். இரண்டு தடவை வராத அழுகை அப்போதுதான் அவனுக்கு வந்தது. பேர் சொல்லி அழ இப்போது ஒரு பிள்ளை இருந்தது.

சாயங்காலம் ஜெபகனி அசந்து தூங்கிவிட்டாள். பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றிப் பாயில் கிடத்தியிருந்தது. தேவமணி விளக்கேற்றிக்கொண்டு குனிந்தாள். பிள்ளையின் நெற்றியில் எறும்பு மொய்த்திருந்தது. வாயில் இல்லை, கண்ணில் இல்லை. நெற்றியில் மட்டும். பதறிப்போய்த் துடைத்தாள். எறும்புச் சாரை எங்கிருந்து வருகிறது என்று விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மூலையில் இருந்த பானைக்குத்தான் போயிற்று.

வெளியே வந்து தம்பியிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். "ஏலே, அந்த மூலைப் பானையில என்ன இருக்கு?"

"அது பதனியில்லா யக்கா. கருப்பட்டி காய்ச்சலாம்னு காலையில பனையேறிகிட்ட வாங்கி வச்சேன். ரெண்டு பானையும் பக்கத்துல பக்கத்துலதான் இருந்துச்சு. தண்ணிப் பானைய நாந்தான தூக்கிட்டுப் போனேன். ஏன் கேக்கிய?"

"ஒண்ணுமில்லலே."

சோப்பு வாடையிலும் பேறுகாலக் கவிச்சியிலும் பதனீரின் மணம் அவள் மூக்குக்கு ஏறவில்லை. கையும் உணரவில்லை. உலகத்தில் எந்த ஊர் மருத்துவச்சியும் செய்திராத தப்பை அவள் செய்திருந்தாள். பதினோரு பிள்ளைகளுக்குச் சரியாகக் கொடுத்தவள் சொந்தத் தம்பி பிள்ளைக்குத் தவறிவிட்டாள். பதனீரில் கொடுத்தது ஞானஸ்நானம் ஆகாது. நாளைக்கு ஐயர் வருவார், கேட்பார். அவர் கேட்காமல் அடக்கம் பண்ணினதே கிடையாது. உள்ளதைச் சொன்னால் ஜெயபாய்க்கு உடைமரத்தடிதான். ஜெபகனி அதோடு முடிந்துபோவாள் என்று தேவமணிக்குத் தெரியும். வாசலில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

விடிந்ததும் பக்கத்துக் குடிசைக்காரர் ரோச் பெட்டி கொண்டுவந்தார். சங்கு குளிக்கிறவர், கத்தோலிக்க மாதாகோயில்காரர். பழைய தோணிப் பலகையை அறுத்து, ஆணி வெளியே தெரியாமல் அடித்திருந்தார். பெட்டியை வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஞானஸ்தானம் குடுத்திட்டீயளாமே தங்கச்சி. அது போதும். பிள்ள நேரா மோட்சத்துக்குப் போயிருக்கும்."

தேவமணி பெட்டிக்குள் கிடந்த மரத்தூளைத் துடைத்தாள்.

"எங்க சாமியாரும் இதத்தான் கேப்பாரு. ஒருக்கா தோணியிலேயே ஒருத்திக்குப் பேறாயிப் போச்சு. நடுக்கடல். எங்க அப்பா ஒரு கை கடத்தண்ணிய அள்ளி ஊத்திட்டாரு. உப்புத்தண்ணியாச்சேன்னு கேட்டதுக்கு, எந்தத் தண்ணியும் தண்ணிதான்னு சாமியார் சொல்லிட்டாரு. நமக்கென்ன, தண்ணிக்கா பஞ்சம்?"

நல்ல மனசோடுதான் சொன்னார். ஐம்பது எட்டு வைத்தால் பாத்தி நிறைய உப்புத்தண்ணீர் கிடந்தது. தேவமணி அந்தப் பக்கம் திரும்பாமல் பெட்டிக்குள் துணியை விரித்தாள்.

ஒன்பது மணிக்கு ஐயர் வந்தார். சபையார் முப்பது நாற்பது பேர் வெயிலில் நின்றார்கள். குறைமாசப் பிள்ளை வீட்டம்மாளும் வந்திருந்தாள். சாவு என்றால் சண்டைக்காரர்களும் வந்தாக வேண்டும் என்பது அந்தச் சபையில் எழுதாத சட்டம். பிள்ளை பெற்றவள் வெளியே வரக்கூடாது என்பதால் ஜெபகனி தட்டிக்குப் பின்னால் படுத்திருந்தாள். ஐயர் அங்கியை மாட்டிக்கொண்டு கறுப்பு அட்டைப் புத்தகத்தைத் திறந்தார்.

"இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?"

"நான்தான் ஐயா."

"அப்போது பிள்ளைக்கு உயிர் இருந்ததா?"

"இருந்திச்சு ஐயா. முக்கா மணி நேரம் இருந்திச்சு."

"என்ன வார்த்தை சொல்லிக் கொடுத்தாய்?"

தேவமணி சொன்னாள். ஐயர் தலையசைத்தார்.

"எதை ஊற்றிக் கொடுத்தாய்?"

கோயிலில் எத்தனையோ தடவை கேட்ட கேள்விதான். யாரும் யோசித்துப் பதில் சொன்னதில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று தேவமணிக்கு ஒரு மனசு அடித்துக்கொண்டது. வெள்ளத்துரை பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். ஐயர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

தட்டிக்குப் பின்னாலிருந்து ஜெபகனியின் குரல் கேட்டது. "தண்ணிதான் ஐயா. மைனி மூணு வாட்டி அள்ளி ஊத்துனாவ. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஐயர் குரல் வந்த பக்கம் திரும்பினார். "தாய் சாட்சி சொல்லுகிறாள். நீ சொல், தேவமணி."

"தண்ணீர்" என்றாள் தேவமணி.

ஒரே ஒரு சொல். ஐயர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். தேவமணி சொன்னபிறகு இன்னொருவரைக் கேட்க வேண்டிய அவசியம் அந்தச் சபையில் யாருக்கும் இல்லை. கோயில் மணி அடித்தது. ஜெயபாயை மதிலுக்கு உள்ளே, கிழக்குமூலையில் வைத்தார்கள்.

தேவமணி திரும்பி வந்ததும் ஜெபகனி கேட்டாள். "உள்ளதான வச்சாவ?"

"உள்ளதான்."

"சிலுவை?"

"ரோச் அண்ணாச்சி பலகையில செஞ்சு தாரேன்னிருக்காவ. பேரும் எழுதணும்."

ஜெபகனி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்சம் கஞ்சி குடித்தாள், தூங்கினாள். அதைப் பார்த்தபோது தேவமணிக்குத் தான் சொன்ன பொய் நல்ல பொய்யாகவே பட்டது. அந்த நிம்மதி சனிக்கிழமைவரைதான் தாங்கியது.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. சேர விரும்புகிறவர்கள் முந்தின நாள் ஆயத்த ஜெபத்துக்கு வந்து ஐயரிடம் பேர் கொடுக்க வேண்டும். பாவத்தை மறைத்துக்கொண்டு இந்த அப்பத்தை வாங்குகிறவன் தன் தண்டனையைத் தானே விழுங்குகிறான் என்று ஐயர் ஒவ்வொரு மாதமும் எச்சரிப்பார். மற்றவர்கள் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்கள். தேவமணி பழகவில்லை. அவள் பேர் கொடுக்கவில்லை.

"என்ன தேவமணி, இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை" என்றார் ஐயர்.

"இந்த மாசம் வேண்டாம் ஐயா."

"யாரோடும் மனஸ்தாபமா?"

"மனுசரோட ஒண்ணுமில்ல ஐயா."

ஐயர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னிடம் சொல்லலாம்" என்றார்.

சொன்னால் பதிவேட்டில் அடிப்பார். தன் தம்பி பிள்ளைக்கு ஒரு சட்டமும் தேவமணியின் தம்பி பிள்ளைக்கு ஒரு சட்டமும் வைக்க அவரால் முடியாது. "சொல்றதுக்கு இல்ல ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் பெண்கள் எல்லாரும் எழுந்து போனபோது அவள் மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தாள். தெரு முழுக்க அதுதான் பேச்சு. தேவமணியே உட்கார்ந்துவிட்டாளே, அப்படி என்ன செய்துவிட்டாள் என்று. குறைமாசப் பிள்ளை வீட்டம்மாள் மட்டும் ஒன்றும் பேசவில்லை. பாயில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவள் வீட்டுக்குத் தெரியும்.

அடுத்த மாதம்தான் உண்மையான சங்கடம் வந்தது. நாற்பது நாள் கழிந்து ஜெபகனி கோயிலுக்கு வரப்போகிறாள். நாத்தனார் பாயில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் கண்டுபிடித்துவிடுவாள். பிள்ளைக்குக் கிடைத்த இடம் பொய்யில் கிடைத்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் எல்லாம் வீண். வாரம் முழுக்கத் தேவமணி இதையே போட்டு உழப்பினாள். சனிக்கிழமை போய் ஐயரிடம் பேர் கொடுத்துவிட்டாள். தண்டனை தன்னோடு போகட்டும், ஜெபகனி நிம்மதியாக இருக்கட்டும் என்று தீர்மானம் பண்ணிவிட்டாள். அன்று இராத்திரி அவளுக்கு ஜெபம் வரவில்லை. யாரிடம் என்ன கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. ஜெபகனி வெள்ளைச் சேலை கட்டி, முக்காடிட்டு, நாத்தனாரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. ஆராதனைக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சிலுவையில் எழுதியிருந்த பேரை விரலால் தடவிவிட்டு வந்திருந்தாள்.

ஆண்கள் போய்த் திரும்பினார்கள். பெண்கள் வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியில் போய் முழங்கால்படியிட்டார்கள். இவர்கள் வரிசை வந்தது. தேவமணி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கையை ஊன்றிப் பாதி எழுந்தாள். பக்கத்தில் அசைவே இல்லை.

"எந்திரிளா" என்று மெல்லச் சொன்னாள்.

"நீங்க போங்க மைனி. நான் பேர் குடுக்கல."

"ஏம்ளா?"

ஜெபகனி மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயருக்கு முன்னால நான் சாட்சி சொன்னேம்லா."

"நீ பாத்தததான சொன்ன?"

"மைனி" என்றாள் ஜெபகனி. குரல் தேவமணியின் காதுக்கு மட்டும் எட்டியது. "நீங்க பிள்ளைய என் கையில தந்தவொடனே நெத்தியில ஒரு முத்தம் குடுத்தேன். இனிச்சுது."

தேவமணி எழுந்த பாதியில் அப்படியே நின்றாள்.

"ஏன் இனிச்சுதுன்னு பிள்ள போன பெறவுதான் எனக்கு வெளங்குச்சு. உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது. ஐயரு கேட்டப்போ நீங்க பேசாம நின்னீயள்லா, அப்பொதான் தெரிஞ்சுது. நீங்க பொய் சொல்ல மாட்டிய. அதான் நான் முந்திக்கிட்டேன். போன மாசம் நீங்க உக்காந்துட்டியன்னு உங்க தம்பி வந்து சொன்னாவ. என்னாலதான மைனி? நீங்க போங்க. உங்க பங்குக்கும் சேத்து நான் இருக்கேன்."

பின்வரிசைப் பெண்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார்கள். தேவமணி மெல்லக் கீழே உட்கார்ந்தாள். பிள்ளை செத்த அன்று அழாதவளுக்கு அப்போது கண்ணீர் பெருகிவந்தது. துடைக்கவில்லை. ஜெபகனியின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசிப் பெண்ணும் திரும்பி வந்துவிட்டாள். ஐயர் கிண்ணத்தோடு கிராதியண்டை நின்று, பாயில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு திரும்பிப்போய்க் கிண்ணத்தைப் பீடத்தில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடினார்.